கொடுப்பது எதற்காக?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா என்பது நன்றி கூறும் விழாவாகும். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் தளராது நடைபெறுவதற்குப் பொருளும் உழைப்பும் ஈந்தோர் பலர். அவர்களைப் பாராட்டிப் பேச என்னினும் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு ‘கிறித்தவ நெறியில் ஈகை’ என்பது. யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்னும் கணக்கைப் பொருளாளர் அவர்கள் படித்துவிட்டார்கள். ஆதலின், கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார் என்னும் வினாவை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வினா வெறும் சமய ஆராய்ச்சியன்று. விழாக் குழுவினர் முன் மூன்று திட்டங்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். புதிய விடுதிக் கட்டடத்தின் முகப்பில் நன்கொடையாளர் பெயர்களைத் தொகையின் வரிசைப்படி சலவைக்கல்லில் பொறிப்பது ஒன்று. நாளை மாலை விடுதிப் பிள்ளைகளை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துச் சீருடை வழங்குவது மற்றொன்று. நம் குடியிருப்பில் வீட்டுக்கு 500 ரூபாய் வீதம் விழா நிதி திரட்டுவது மூன்றாவது. இம்மூன்றும் நல்லெண்ணத்தோடு எழுந்தவையே. எனினும் ஈகையின் உள்நோக்கத்தைச் சிந்தித்த பின்னர் இவற்றை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுவேன்.

இங்குக் கூடியிருப்போரில் கிறித்தவரும் உளர், இந்துக்களும் உளர், பௌத்தம் தழுவியோரும் உளர். நான் கிறித்தவன். என் மறைநூல் எனக்குக் கற்பித்ததைக் கொண்டே நான் பேச இயலும். அதில் உண்மை இருப்பின் எந்நெறியினரும் ஏற்றுக்கொள்ளலாம்.

பவுல் அடிகள் கொரிந்து நகரச் சபையாருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், பதின்மூன்றாம் அதிகாரத்தில், நம்மைத் திடுக்கிட வைக்கும் ஒரு கருத்தைக் கூறுகிறார். ஒருவன் தன் உடைமை அனைத்தையும் ஏழைகளுக்கு உணவாக ஈந்தாலும், தன் உடலையே நெருப்புக்குக் கொடுத்தாலும், அவனிடம் அன்பு இல்லையாயின் அவனுக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை என்பது அக்கருத்து. தியாகம் செய்பவரிடம் அன்பு இருந்தே தீரும் என்று நாம் எண்ணுகிறோம். அடிகளோ தியாகம் வேறு, அன்பு வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். அன்பின்றியும் ஒருவர் தமக்குரிய யாவற்றையும் கொடுக்க இயலும் என்கிறார்.

அது எங்ஙனம் இயலும்? நம் நெஞ்சைச் சற்று உள்ளே நோக்கினால் விடை கிடைக்கும். சிலர் புகழுக்காகக் கொடுக்கிறோம். சிலர் இம்மையில் கொடுத்தால் மறுமையில் பெறலாம் என்னும் கணக்கோடு கொடுக்கிறோம். சிலர் முகத்தாட்சணியத்துக்காக, நண்பர் கையில் இரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்கிறாரே என்று கொடுக்கிறோம். சிலர் மனச்சான்றின் குத்தலைத் தணிப்பதற்காகக் கொடுக்கிறோம். நகரத்தில் வீடு கட்டிக் குடியேறியபின் ஊரில் விட்டுவந்த உறவினரின் முகம் நினைவுக்கு வரும்போது, ஓர் ஆயிரம் ரூபாயை அனுப்பி அந்நினைவை வாயடைக்கிறோம். இன்னும் சிலர் ஆளுகைக்காகக் கொடுக்கிறோம். பெற்றவன் நம் சொல்லைத் தட்டக்கூடாது, நம்மைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும், தேர்தல் வந்தால் நாம் காட்டும் இடத்தில் முத்திரை இட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இவற்றுள் ஒன்றும் கலவாத ஈகை நம்முள் அரிதினும் அரிது.

இத்தகைய நோக்கங்கள் கொடுப்பவரின் உள்ளத்துள் மறைந்து கிடப்பவை. பெறுபவருக்கு இவற்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். ஆனால், பெறுபவர் இதனை அறிவர் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு.

1910-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக நற்செய்திப் பணி மாநாடு நடைபெற்றது. ஏறத்தாழ 1,200 பேராளர்கள் கூடிய அவையில் ஆசிய நாட்டினர் மிகச் சிலரே இருந்தனர். அவர்களுள் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. மேலைநாட்டு ஊழியர்களுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையிலான உறவைப் பற்றி அவர் அவ்வவையில் பேசினார். அந்நாட்டினர் நம் நாட்டில் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எழுப்பியவர்கள். வெப்பத்தாலும் நோயாலும் இங்கேயே மாண்டு, இம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டோர் அவர்களுள் பலர். அத்தியாகத்தை அசரியா மறுக்கவில்லை, நன்றியோடு ஒப்புக்கொண்டார். பவுல் அடிகளின் அந்தப் பதின்மூன்றாம் அதிகாரத்தையே நினைவூட்டும் சொற்களால், பொருளும் உயிரும் ஈந்தோரிடம் தம் நாட்டவர் இன்னும் வேண்டி நிற்பது அன்பே என்றார். நண்பர்களையே தரவேண்டும் என்று கேட்டார். அவையினர் சிலருக்கு அப்பேச்சு கசந்தது. ஆயினும் அம்மாநாட்டில் நிகழ்த்தப்பட்ட உரைகளுள் இன்றுவரை பேசப்படுவது அதுவே.

உயிரையே கொடுத்தவர்களிடம் ஒருவர் நட்பைக் கேட்கிறார் என்றால், உயிரினும் அரிதாய் எதனை அவர்கள் கொடாது வைத்திருந்தனர்? சமமான இருக்கையைத் தான். கொடுப்பவன் மேலும் பெறுபவன் கீழுமாக நிற்கும் அந்த நிலையை விட்டு இறங்கிவர அவர்களால் இயலவில்லை.

இனி நம் தலைவர் அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைக் காண்போம். பரோடா அரசர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையைக் கொண்டே அவர் 1913-இல் நியூயார்க் சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அரசரின் கொடை பெருங்கொடை, அதில் ஐயமில்லை. ஆனால் உடன்படிக்கையின்படி பணியாற்றுவதற்கு 1917-இல் அவர் பரோடாவுக்குத் திரும்பியபோது, அந்நகரில் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தம் சாதியை மறைத்துத் தங்க நேர்ந்தது. செய்தி வெளிப்பட்ட சில நாள்களிலேயே தடிகளோடு வந்தோர் அவரை வெளியேற்றினர். அலுவலகத்தில் ஏவலர்கள் கோப்புகளைக் கையில் தராது மேசைமேல் எறிந்தனர். கருவூலம் திறந்தது, ஊர் கதவைத் திறக்கவில்லை. பொருளைக் கொடுத்துவிட்டு இருக்கையை மறுக்கும் உலகில், பெறுபவன் பட்டம் பெற்ற பின்னும் மரத்தடியில்தான் நிற்கவேண்டும்.

இவை பெரியோர் வரலாறுகள். நம் பள்ளிகளிலும் இதன் சிறு வடிவங்கள் நாள்தோறும் நிகழ்கின்றன. நான் முன்னர்ப் பணியாற்றிய ஒரு பள்ளியில், செல்வர் ஒருவர் நம் பிள்ளைகளுக்குக் குறிப்பேடுகள் வழங்க முன்வந்தார். அவர் வருகைக்காகப் பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்றனர். ஒவ்வொரு பிள்ளையும் குறிப்பேட்டின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையைத் தாம் பிடித்துக்கொண்டு அவர் புகைப்படக் கருவியை நோக்கினார். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரிசையிலிருந்து விலகி வகுப்பறைக்குச் சென்றுவிட்டாள். ஆசிரியர் ஒருவர் அதனைத் திமிர் என்றார். நான் தனியே அழைத்து வினவியபோது அவள் சொன்னாள்: “எங்க அப்பா கரும்பு வெட்டப் போயி எனக்கு நோட்டு வாங்கிக் குடுத்துட்டாரு சார். அந்தப் படத்த ஊர்ல பாத்தா, அவரு வாங்கித் தரலன்னுதானே நெனைப்பாங்க?”

அவையோரே, அக்குழந்தை திமிர் பிடித்தவள் அல்லள். அவள் தன் தந்தையின் உழைப்பைக் காத்தாள். முப்பது ரூபாய்க் குறிப்பேட்டைக் கொடுத்து ஒரு கூலித் தொழிலாளியின் தகப்பன் என்னும் மதிப்பை வாங்கிக்கொள்ளும் வணிகத்திற்கு அவள் உடன்படவில்லை.

இவ்விடத்தில் கிறித்தவ நெறி நமக்கு என்ன கூறுகிறது? பிறர் காண்பதற்காகத் தருமம் செய்வோர், தம் கூலியை அப்பொழுதே பெற்றுத் தீர்த்துவிட்டனர் என்று இயேசு பெருமான் மலைப்பொழிவில் கற்பித்தார். புகழ் என்னும் கூலி கிடைத்தபின் அவ்வீகை முடிந்த வணிகமாகிவிடுகிறது. அதனினும் ஆழமான செய்தி ஒன்று உண்டு. கடவுளின் அருள் விலைக்குக் கிடைப்பதன்று, இலவசமாகப் பெறுவது என்பதே எங்கள் நம்பிக்கையின் அடித்தளம். எனவே கொடுத்து விண்ணுலகை வாங்க வேண்டிய தேவை கிறித்தவனுக்கு இல்லை. கொடுத்துத் தன் மதிப்பை நிலைநாட்ட வேண்டிய தேவையும் இல்லை. முதலில் பெற்றவன் என்னும் நினைவோடு கொடுப்பவன், பெறுபவனின் பக்கத்தில்தான் நிற்க இயலும்; அவனுக்கு மேலே நிற்க இயலாது.

இந்நினைவு இல்லாதபோது ஈகை எவ்வாறு திரியும் என்பதற்கு மறைநூலிலேயே எடுத்துக்காட்டுகள் உள. அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் நிலத்தை விற்று ஒரு பகுதியைச் சபைக்குக் கொணர்ந்தனர். மீதியை வைத்துக்கொண்டதற்காகப் பேதுரு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை; நிலமும் பணமும் அவர்களுக்கே உரியவையாக இருந்தன என்றே கூறினார். பகுதியைக் கொடுத்து முழுதும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டதே அவர்கள் குற்றம். குறைவாகக் கொடுப்பது பிழையன்று. செய்யாத தியாகத்தைச் செய்ததாகக் காட்டுவதே பிழை.

பெத்தானியாவில் மரியாள் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசியபோது, இதனை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாசு. ஏழைகளின் பெயரால் எழுந்த அச்சொல்லில் குறை காண இயலாது. ஆனால் அவன் பணப்பையை வைத்திருந்தவன். அதிலிருந்து எடுத்துக்கொண்டவன் என்று யோவான் எழுதுகிறார். ஏழைகளுக்காகப் பேசுவோரும் ஏழைகளின் பணத்தைக் கையாள்வோரும் இவ்வரலாற்றை அடிக்கடி படித்தல் நலம். நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளும் தன் கணக்கைப் பொதுக்குழுவில் திறந்து வைத்துள்ளது. கொடுத்தவர் பெயர்ப் பலகையைவிட அக்கணக்கேடே நமக்குப் பெருமை.

சகேயு என்னும் வரி தண்டுவோனின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. அவன் தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், தான் அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் உறுதி கூறினான். ஈகையை ஒரு கணக்கிலும் திருப்பித் தருவதை வேறொரு கணக்கிலும் அவன் எழுதினான். கடனை அடைத்துவிட்டு அதற்குத் தருமம் என்று பெயரிடவில்லை.

நம்மில் அரசுப் பணியிலும் ஆசிரியப் பணியிலும் இருப்போர் எந்தக் கணக்கில் எழுதவேண்டும்? நாம் விடுதிச் சோறு உண்டு படித்தவர்கள். தாழ்த்தப்பட்ட மாணவர்க்கென 1944-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த மேற்படிப்பு உதவித்தொகை, அண்ணலும் பிற தலைவர்களும் போராடிப் பெற்ற இடஒதுக்கீடு ஆகியவற்றின் பயனைத் துய்த்தவர்கள். சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கியது 1916-இல். அத்தகையோர் ஏற்றிய விளக்கின் ஒளியில் எழுத்துக் கூட்டியவர்களின் வழித்தோன்றல்கள் நாம். 1956 மார்ச் 18 அன்று ஆக்ராவில் பேசிய அண்ணல், படித்தவர்கள் தம் மக்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று மனம் வெதும்பினார். நாம் இக்கழகத்திற்குக் கொடுப்பதில் பெரும்பகுதி கடன் திருப்பம். மிகச் சிறுபகுதியே ஈகை. கடன் அடைத்தவனுக்கு எவரும் மாலை சூட்டுவதில்லை. இரசீது கொடுத்தால் போதும்.

இவ்வளவும் கேட்டபின், உள்ளம் தூய்மையாகும் வரை கொடாதிருப்பதே நன்று என்று எவரேனும் முடிவு செய்வாராயின், அவர் என் உரையைத் தம் கருமித்தனத்துக்குக் கேடயமாக்குகிறார் என்றே கூறுவேன். நம் நோக்கம் தூய்மையாகும் நாளுக்காகப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் காத்திராது. பவுல் அடிகள் சிறையிலிருந்து பிலிப்பி சபையாருக்கு எழுதும்போது, சிலர் பொறாமையாலும் போட்டியாலும் நற்செய்தி கூறுவதைக் குறிப்பிட்டு, எந்நோக்கத்தாலாயினும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார் என்று மகிழ்கிறார். பிறர் நோக்கத்தைப் பற்றி அவர் காட்டும் பெருந்தன்மை இது. தம் நோக்கத்தைப் பற்றியோ அவர் மிகக் கண்டிப்பானவர். நாம் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். அடுத்தவர் கொடுத்தால் ‘பெயருக்குக் கொடுக்கிறான்’ என்கிறோம். நாம் கொடுத்தால் ‘மனத்தாரக் கொடுத்தேன்’ என்கிறோம். பிறர் ஈகையை நன்றியோடு ஏற்போம். நம் ஈகையை மட்டும் நாமே விசாரிப்போம்.

அவ்விசாரணைக்கு எளிய வினாக்கள் சில போதும். இரசீதில் என் பெயருக்குப் பதிலாக ‘நண்பர் ஒருவர்’ என்று எழுதினால் அடுத்த ஆண்டும் கொடுப்பேனா? என் உதவியால் படித்த பிள்ளை பொதுக்குழுவில் எழுந்து என் கருத்தை மறுத்துப் பேசினால் மகிழ்வேனா, நன்றி கெட்டவன் என்பேனா? அப்பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவன் தாய் தரும் கூழை வாங்கிக் குடிப்பேனா? அவன் என்னைக் காட்டிலும் உயர்ந்த பதவியை அடையும் நாளில் என் உள்ளம் குளிருமா? இவ்வினாக்களுக்கு உள்ளம் தயங்கும் இடத்தில்தான் நம் ஈகைக்குள் வேறொன்று ஒளிந்திருக்கிறது.

ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளைப் பற்றி அறியாதார் இலர். எருசலேம் ஆலயத்தில் செல்வர்கள் தம் மிகுதியிலிருந்து இட்டனர். அவளோ தன் பிழைப்புக்கு இருந்ததை இட்டாள் என்று இயேசு பெருமான் பாராட்டினார். காணிக்கை கேட்போர் அனைவரும் இதனை எடுத்துக்காட்டுவர். ஆனால் மாற்கு எழுதிய நற்செய்தியில் இதற்குச் சற்று முன்னர் உள்ளதை அவர்கள் வாசிப்பதில்லை. கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட செபம் செய்யும் வேதபாரகரை அவர் அங்கே கண்டிக்கிறார். அவள் கொடுத்தது போற்றத்தக்கது. ஆனால் அவளுடைய கடைசிக் காசை வாங்கிக்கொள்ளும் நிறுவனம் தன்னைத்தான் ஆராய்ந்துகொள்ள வேண்டும்.

ஏழைகளிடம் வாங்கவே கூடாது என்று நான் கூறவில்லை. 1912-இல் தோர்ணக்கல் பேராயராகப் பொறுப்பேற்ற அசரியா, மாலா, மாதிகா மக்களிடையே பணிபுரிந்தார். நிலமற்ற அக்கூலி மக்கள் அரிசியும் கோழியும் வயலின் முதல் விளைச்சலும் காணிக்கையாகக் கொணர்ந்தனர். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் வழக்கத்தை நம் தமிழ்நாட்டுச் சபைகளும் அறியும். காலங்காலமாகப் பெறுவதற்கே பிறந்தோர் என்று கருதப்பட்டவர்கள், தாமும் கொடுக்க வல்லோர் என்று நிமிர்ந்து நின்றனர். கொடுக்கும் உரிமையும் மனித மாண்பின் ஒரு பகுதியே. எனினும் பிடி அரிசியின் அளவைத் தீர்மானித்தது அத்தாயின் கை. எந்தக் குழுவும் அதனைத் தீர்மானிக்கவில்லை. இல்லாததற்கேற்ப அன்று, உள்ளதற்கேற்பவே கொடுத்தல் ஏற்கப்படும் என்பதும் கட்டாயத்தால் கொடுத்தல் ஆகாது என்பதும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் கருத்துகள்.

இனி, விழாக் குழுவினர்க்கு என் வேண்டுகோள்களைக் கூறி முடிக்கிறேன்.

முகப்பில் சலவைக்கல் வேண்டுமாயின், ‘நம் மக்கள் கூடிக் கட்டியது’ என்னும் ஒரு வரியும் ஆண்டும் போதும். கொடுத்தோர் பெயர்களும் தொகைகளும் தணிக்கை செய்த கணக்கேட்டில் ஒளிவின்றி இருக்கட்டும். கணக்கு எவரும் காண்பதற்குரியது. கல்லோ அவ்வாசலில் நாள்தோறும் நுழையும் பிள்ளைகள் எவருக்குத் தலைகுனிய வேண்டும் என்று கற்பிப்பது.

சீருடைகளை நாளை மேடையில் வழங்க வேண்டாம். இன்றிரவே விடுதிக் காப்பாளர் அவற்றை அறைதோறும் சேர்த்துவிடட்டும். நாளை பிள்ளைகள் அவற்றை உடுத்தி நம்மோடு விருந்துக்கு வரட்டும். நன்கொடையாளர்களுக்கு எனத் தனிப்பந்தி போடாமல், பிள்ளைகளின் வரிசையிலேயே ஒருவர் விட்டு ஒருவராக அமர்ந்து அனைவரும் உண்போம்.

வீட்டுக்கு 500 ரூபாய் என்னும் விதியைக் கைவிட்டு, வாசலில் ஓர் உண்டியலும் அரிசிக்கு ஒரு குதிரும் வைத்தால் போதும். இடுவோர் இடட்டும், இயலாதோர் கூச்சமின்றிக் கடந்து செல்லட்டும். அதனால் குறையும் தொகையை, மாத ஊதியம் பெறும் நாம் கடன் தவணையாகப் பகிர்ந்துகொள்வோம். என் பங்கை வரும் மாதம் முதல் பொருளாளரிடம் செலுத்திவிடுகிறேன்; எனக்கு ஓர் இரசீது மட்டும் கொடுத்தால் போதும்.

இவ்விடுதியிலிருந்து வெளிவரும் பிள்ளை நமக்கு நன்றிக்கடன் பட்டவனாக வெளிவர வேண்டியதில்லை. நமக்கு நிகரானவனாக, வேண்டுமாயின் நம்மை மறுத்துப் பேசும் துணிவுள்ளவனாக, அடுத்த பிள்ளைக்கு இடம் விட்டு அமரும் பண்புள்ளவனாக வெளிவந்தால் நாம் கொடுத்தது வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.